தூக்கத்தில் மூச்சுக்குக் காவல் யார்?

குறட்டை விடுகிறவரைப் பார்த்து, "நாள் முழுக்க மலையில நின்ன களைப்பு, மனுசன் அசந்து தூங்குறாரு" என்று சொல்வது தோட்டங்களில் வழக்கம். சத்தம் எவ்வளவு பெரிதோ தூக்கமும் அவ்வளவு நல்லது என்று ஒரு கணக்கு. லயத்தில் இரண்டு காம்பராவுக்கும் சுவர் ஒன்றுதான் என்பதால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அந்தச் சத்தம் நன்றாகக் கேட்கும். கொஞ்ச நேரம் காதுகொடுத்தால் அவருக்கு இன்னொன்றும் தெரியவரும். ஏறிக்கொண்டே போன குறட்டை சட்டென்று அறுந்துவிடும். பத்து, பதினைந்து செக்கனுக்கு எதுவும் கேட்காது. பிறகு ஒரு பெரிய செருமல், ஒரு புரளல், மறுபடியும் குறட்டை. நடுவில் சத்தமில்லாமல் போன அந்தச் செக்கன்களில் மூச்சு உள்ளே போகவில்லை.

விழித்திருக்கும்போது இப்படி யாருக்கும் நடப்பதில்லை. தூங்கினால் மட்டும் ஏன் நடக்கிறது? பதில் மூளைத்தண்டில் இருக்கிறது.

பிடரிக்கு நேர் உள்ளே, மூளை முள்ளந்தண்டோடு சேரும் இடம்தான் மூளைத்தண்டு. அதன் கீழ்ப் பகுதியை முகுளம் என்பார்கள். நம் பாடசாலைப் புத்தகத்தில் நீள்வளைய மையவிழையம் என்று படித்தது இதைத்தான். முகுளத்தில் ஒரு குறிப்பிட்ட இடம் பழுதுபட்டால் மூச்சு உடனே நின்றுவிடும் என்பதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லெகாலுவா என்ற பிரெஞ்சு வைத்தியர் விலங்குகளில் காட்டிவிட்டார். ஆனால் மூச்சின் தாளம் எந்த மூலையில் பிறக்கிறது என்பது தெரியவர 1991 ஆகிவிட்டது. ஜெஃப்ரி ஸ்மித், ஜாக் ஃபெல்ட்மன் முதலானோர் எலிக்குஞ்சின் முகுளத்திலிருந்து ஒரு மெல்லிய துண்டைச் சீவி எடுத்துத் திரவத்தில் போட்டுவைத்தார்கள். நெஞ்சும் இல்லை, நுரையீரலும் இல்லை. அப்படியிருந்தும் அந்தத் துண்டிலிருந்து மூச்சுவிடும் தாளத்தில் மின்துடிப்பு வந்துகொண்டே இருந்தது. அந்தத் தாளத்தைப் போடும் சிறு கூட்டத்துக்குப் 'பிரி-போட்சிங்கர் தொகுதி' என்று பெயர். போட்சிங்கர் என்பது விஞ்ஞானி ஒருவரின் பெயரென்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அது ஜெர்மனியில் ஒரு மாநாட்டு மேசையில் இருந்த வைன் போத்தலின் பெயர். முதலில் பக்கத்துப் பகுதிக்கு வைத்தார்கள், பிறகு இதற்கும் ஒட்டிக்கொண்டது. மாநாடு இந்தப் பக்கம் நடந்திருந்தால் உயிர்மூச்சின் ஊற்றுக்கு டிம்புள என்று பெயர் வந்திருக்கும்.

தாளம் இங்கே பிறந்தாலும், பகலில் அதைக் கவனிக்க ஆள் நிறைய. பேசுகிறோம், பாடுகிறோம், கொழுந்துக் கூடையோடு மேடு ஏறுகிறோம். மூளையின் மேல்பகுதி ஒவ்வொன்றுக்கும் மூச்சைக் கூட்டிக் குறைக்கிறது. எதுவும் செய்யாமல் சும்மா இருந்தாலும், விழித்திருக்கிறோம் என்பதே மூச்சுக்கு ஒரு தூண்டுதல். தோட்டத்தில் பகலில் துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்று எத்தனையோ பேர் நிற்பார்கள். இருட்டினால் ஃபெக்டரிக்கு ஒரு வாச்சர்தான். தூங்கியதும் மூச்சுக்கும் அதே கதி. மேலிருப்பவர்கள் எல்லாரும் போய்விடுகிறார்கள். மிஞ்சும் ஒரே காவல், இரத்தத்தில் உள்ள கரியமில வாயுவின் அளவு.

இதை அழகாகக் காட்டியவர் ஃபிங்க் என்ற மயக்கமருந்து வைத்தியர். வேகவேகமாக மூச்சு விட்டால் கரியமில வாயு உடம்பிலிருந்து கழுவப்பட்டுப் போய்விடும். அப்படிக் குறைத்த பிறகும், விழித்திருப்பவர்கள் சீராக மூச்சு விட்டுக்கொண்டே இருந்தார்கள். மயக்கத்தில் இருந்தவர்களுக்கோ வாயு மறுபடி சேரும்வரை மூச்சு நின்றது. 1961 இல் அவர் இதை எழுதினார். இயல்பான தூக்கத்திலும் இதுவே நடக்கிறது என்பது பிறகு உறுதியானது. தூங்குகிறவரின் கரியமில வாயு அவருடைய வழக்கமான அளவிலிருந்து ஒரு சிறு படி இறங்கினாலே போதும், மூச்சு நின்றுவிடும்.

கரியமில வாயுவை உணரும் நரம்புக் கலங்கள் முகுளத்தின் மேற்பரப்பை ஒட்டியே இருக்கின்றன. பிறவியிலேயே இவை சரியாக அமையாத பிள்ளைகள் உண்டு. மிக மிக அரிதான நோய் அது. அந்தப் பிள்ளை பகலில் விளையாடும், சிரிக்கும், ஒரு குறையும் தெரியாது. கண்ணை மூடியதும் மூச்சு குறைந்து உடம்பு நீலம் பாயும். வாழ்நாள் முழுக்க இரவில் சுவாச இயந்திரம் வேண்டும். இதற்குக் காரணமான மரபணுவை 2003 இல் கண்டுபிடித்தார்கள். காவல் இல்லாத இரவு எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

ஃபெல்ட்மனின் குழு 2005 இல் இன்னொன்று செய்து பார்த்தது. வளர்ந்த எலிகளில், தாளம் போடும் அந்தக் கலங்களைக் கொஞ்சங்கொஞ்சமாக அழியவிட்டார்கள். மூச்சு தடுமாறத் தொடங்கியது எப்போது? விழித்திருக்கும்போது அல்ல. முதலில் கனவு காணும் தூக்கத்தில், பிறகு சாதாரணத் தூக்கத்தில், கடைசியில்தான் விழிப்பில். மூளைத்தண்டில் உள்ள குறை முதலில் இரவில்தான் வெளியே தெரியும் என்பது இதனால் புரிந்தது.

கனவுத் தூக்கம் ஏன் அவ்வளவு ஆபத்தான இடம் என்று கேட்கலாம். இரவில் நான்கைந்து தடவை வந்துபோகும் இந்தத் தூக்கத்தில் கண்கள் மூடிய இமைக்குள் அங்குமிங்கும் ஓடும். கனவில் ஓடுகிறவன் எழுந்து உண்மையாகவே ஓடிவிடாதபடி, மூளைத்தண்டு உடம்பின் தசைகளையெல்லாம் தளர்த்தி முடக்கிவிடுகிறது. விலா எலும்புகளை அசைக்கும் தசைகளும் தளர்ந்துவிடும். நெஞ்சறைக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் பிரிமென்றகடு மட்டும் தப்பிக்கிறது. அந்த ஒற்றைத் தசையின் பலத்தில்தான் அப்போது மூச்சு ஓடுகிறது. தூங்குகிற குழந்தையின் வயிறு மட்டும் ஏறியிறங்கி, நெஞ்சு உள்வாங்குவது போலத் தெரிவது இதனால்தான்.

இனி குறட்டைக்கு வரலாம். மூக்குக்கும் குரல்வளைக்கும் நடுவில் தொண்டைப் பாதையைத் திறந்து பிடித்திருக்க எலும்பு கிடையாது, தசைதான். அதில் முக்கியமானது நாக்கின் பெரிய தசை. விழித்திருக்கும்போது மூளைத்தண்டு அந்தத் தசைக்கு ஓயாமல் உத்தரவு அனுப்பி, நாக்கைப் பின்னால் சரியவிடாமல் வைத்திருக்கிறது. அதற்கு உறுதுணை செரட்டோனின், நோர்அட்ரினலின் என்ற இரண்டு இரசாயனங்கள். தூக்கம் வந்ததும் இரண்டும் குறைகின்றன, கனவுத் தூக்கத்தில் ஏறக்குறைய நின்றே போகின்றன. நாக்கு பின்னால் சரிகிறது. பாதை குறுகி அதிர்ந்தால் குறட்டை. முழுக்க மூடிக்கொண்டால், பிரிமென்றகடு எவ்வளவு இழுத்தாலும் காற்று நுழையாது.

அப்போது என்ன காப்பாற்றுகிறது? அதே கரியமில வாயு. அது ஏற ஏற, ஒட்சிசன் குறையக் குறைய, மூளைத்தண்டின் மேல்பகுதியில் உள்ள கலங்கள் மூளையைத் தட்டி எழுப்புகின்றன. ஓரிரு செக்கன் அரைவிழிப்பு. தசை விறைக்கிறது, பாதை திறக்கிறது, செருமலோடு காற்று பாய்கிறது. காலையில் இது எதுவும் அவருக்கு ஞாபகம் இருக்காது. பத்து செக்கனோ அதற்கு மேலோ மூச்சு நிற்பதை ஒரு தடவையாகக் கணக்கெடுப்பார்கள். மணிக்கு 5 தடவைக்கு மேல் என்றால் நோய், 15 ஐத் தாண்டினால் நடுத்தரம், 30 ஐத் தாண்டினால் கடுமை. மணிக்கு 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்ததாக அர்த்தம். அப்படி எட்டு மணிநேரம் படுத்தவருக்குக் காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கக் கலக்கம், மருந்து போட்டும் அடங்காத பிரஷர் எல்லாம் வருவதில் ஆச்சரியம் என்ன? ஹட்டன் வீதியின் வளைவுகளில் வண்டி ஓட்டுகிறவருக்கும், செங்குத்தான மலையில் கவ்வாத்து வெட்டுகிறவருக்கும் பகல் தூக்கம் விளையாட்டல்ல.

பெண்களில் இந்த நோய் பல நேரம் குறட்டையாகத் தலைகாட்டாது. களைப்பு, தூக்கம் வராமை, காலைத் தலைவலி என்று வரும். மாதவிடாய் நின்ற பிறகு அதிகம். கொழுந்து பறிக்கும் பெண் களைப்பு என்றால் வேலையைக் காரணம் சொல்வார்கள், அல்லது இரத்தசோகை என்று இரும்புக் குளிசை கொடுப்பார்கள். இரத்தசோகை நம் தோட்டப் பெண்களிடம் உண்மையிலேயே அதிகம்தான். ஆனால் குளிசை போட்டும் களைப்பு தீராவிட்டால், தூக்கத்தைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்கவேண்டும். அந்தக் கேள்வியை நம் டிஸ்பென்சரிகளில் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை என்பதுதான் என் குறை.

சாராயமும் கசிப்பும் இரண்டு வழியில் கெடுக்கின்றன. நாக்கின் தசையை மேலும் தளர்த்துகின்றன. மூளையைத் தட்டி எழுப்பும் வேலையையும் தாமதப்படுத்துகின்றன. பத்து செக்கனில் திறக்கவேண்டிய பாதை இன்னும் அதிக நேரம் மூடியிருக்கும். "குடிச்சாத்தான் நல்லாத் தூக்கம் வருது" என்கிறவர் தூங்கும் அந்தத் தூக்கத்தில்தான் மூச்சு அதிகம் தவிக்கிறது. தூக்கமாத்திரையை வைத்தியர் சொல்லாமல் வாங்கிப் போடுவதும் ஏறக்குறைய இதே ரகம். நோய்க்கு நல்ல வைத்தியம் இருக்கிறது. சிட்னியில் கொலின் சலிவன் 1981 இல் அறிமுகப்படுத்திய கருவி மூக்குக் கவசம் வழியாகக் காற்றை மெல்ல அழுத்தி, தொண்டை மூடிக்கொள்ளாமல் தாங்குகிறது. விலை குறைவல்ல. அது கிடைக்கும்வரை மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பதும், உடம்பு பருத்தவர் எடையைக் குறைப்பதும், இரவில் குடிக்காமல் இருப்பதும் காசு செலவில்லாத உதவிகள்.

உயரத்தைப் பற்றிப் பலரும் கேட்பதால் சுருக்கமாக ஒரு வார்த்தை. நுவரெலியா 1,868 மீற்றர், ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர். நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். மலை ஏறியவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு வருவதுண்டு: ஒட்சிசன் குறைவால் வேகமாக மூச்சு விடுவார்கள், கரியமில வாயு கழுவப்பட்டுப் போகும், காவல் கைவிட்டு மூச்சு நிற்கும், மறுபடி வேகமெடுக்கும். ஆனால் அது பெரும்பாலும் 2,500 மீற்றருக்கு மேலேதான். இலங்கையில் அந்த உயரத்தைத் தொடுவது பீதுருதாலகால உச்சி ஒன்றே, அதுவும் 2,524 மீற்றர். ஆகவே லயத்தில் மூச்சு நின்றால் மலைமேல் பழியைப் போடவேண்டாம்.

பழியைப் புகைமேல் போடலாம். வெள்ளைக்காரன் காலத்து லயக்காம்பரா பலவும் பத்துக்குப் பன்னிரண்டு அடி. விறகடுப்பும் அதற்குள்ளேயோ ஒட்டியோதான். ஜன்னலைத் திறந்தால் குளிர், மூடினால் புகை. புகை மூக்கின் உட்சவ்வை வீங்கவைக்கும், மூக்கடைத்தவர் வாயால் இழுத்து மூச்சு விடுவார், தொண்டை இன்னும் எளிதில் மூடிக்கொள்ளும். இது மெதுவாகச் செய்யும் கெடுதல். ஒரே இரவில் உயிரை எடுப்பது தணல்.

தை மாதத்து விடியலில் தேயிலைச் செடிமேல் உறைபனி படியும் நாட்களில், கரித்தணலை ஒரு சட்டியில் அள்ளி அறைக்குள் வைத்துக்கொண்டு கதவைச் சாத்திப் படுக்கிறவர்கள் உண்டு. தணலில் புகை இல்லை, ஆகவே ஆபத்தில்லை என்ற நினைப்பு. காற்றுக் குறைவில் எரியும் கரியிலிருந்து காபனோரொட்சைட்டு என்ற வேறொரு வாயு வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் உட்காரவேண்டிய இடத்தில், ஈமோகுளோபினில், ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் பிடிப்போடு அது உட்கார்ந்துகொள்கிறது.

இங்கேதான் மூளைத்தண்டு ஏமாந்துபோகிறது. கழுத்தின் பெரிய நாடிகளில் ஒட்சிசனை உணரும் சிறு உறுப்புகள் உள்ளன. அவை பார்ப்பது இரத்தத்தில் கரைந்துள்ள ஒட்சிசனின் அழுத்தத்தை. ஈமோகுளோபின் எவ்வளவு சுமக்கிறது என்பதை அல்ல. காபனோரொட்சைட்டு நிறைந்தாலும் அந்த அழுத்தம் குறைவதில்லை. கரியமில வாயுவும் ஏறுவதில்லை. ஆக, மூச்சு திணறுகிறது என்ற செய்தி மூளைக்குப் போவதே இல்லை. தொண்டை அடைத்தால் எழுப்பிவிடும் அதே காவல், தணலுக்கு முன்னால் வாய் திறப்பதில்லை. விழித்திருப்பவருக்காவது தலைவலியும் குமட்டலும் வந்து எச்சரிக்கும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. மூடிய அறைக்குள் தணல் சட்டி, கரி அடுப்பு, பார்பிகியூ அடுப்பு எதுவும் வேண்டாம். லயத்துக்கும் இது பொருந்தும், நுவரெலியா விடுதிக்கும் பொருந்தும். இன்னொரு கம்பளியைப் போர்த்திக்கொள்ளுங்கள்.

கம்பளி பெரியவர்களுக்குச் சரி. கைக்குழந்தைக்கு அதிலும் கணக்கு இருக்கிறது. குளிருக்குப் பயந்து குழந்தையின் தலையோடு போர்த்துவதும், குப்புறப் போடுவதும், சேலைத் தொட்டிலில் நாடி நெஞ்சில் முட்டும்படி சுருட்டிப் படுக்கவைப்பதும் நம்மிடம் உள்ள பழக்கங்கள். போர்வைக்குள் குழந்தை விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும். கரியமில வாயு ஏறும். பெரும்பாலான குழந்தைகள் தலையை ஆட்டி, அழுது, விலக்கிக்கொள்ளும். சிலரால் முடியாது. காரணமின்றித் தூக்கத்தில் இறந்த சிசுக்களின் மூளைத்தண்டைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த பொஸ்டன் வைத்தியர் ஹன்னா கின்னியின் குழு, அவர்களில் பலருக்குச் செரட்டோனின் அமைப்பில் குறை இருந்ததை 2006 இல் காட்டியது. இத்தகைய மரணங்கள் இரண்டிலிருந்து நான்கு மாத வயதில்தான் அதிகம். அமெரிக்காவில் 1994 இல், குழந்தையை மல்லாக்கப் படுக்கவையுங்கள் என்று நாடு முழுக்கச் சொல்லத் தொடங்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் இந்த மரணங்கள் ஏறக்குறைய பாதியாகிவிட்டன. பெரியவருக்கு ஒருக்களிப்பு, சிசுவுக்கு மல்லாப்பு. முகம் திறந்திருக்கவேண்டும். அறையில் பீடி, சிகரட், விறகுப் புகை கூடாது. அம்மாவுக்கும் பாட்டிக்கும் மட்டுமல்ல, பிள்ளைக்காம்பரா ஆயாவுக்கும் இது தெரிந்திருக்கவேண்டும்.

குறைமாதக் குழந்தையின் கதை தனி. முகுளம் முதிர்ச்சி அடையாமலே பிறந்துவிட்டதால் மூச்சு விட மறந்துபோகும். விசேட சிசுப் பராமரிப்புப் பிரிவில் மொனிட்டர் கத்தியதும் தாதி ஓடிவந்து குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பெரிய வைத்தியமாகத் தெரியாது. ஆனால் அந்தச் சுண்டல் குழந்தையை ஒரு கணம் விழிப்புக்குக் கொண்டுவருகிறது, விழிப்பு மூச்சை இழுத்துவருகிறது. மேலே ஃபிங்க் காட்டியதும் இதே உண்மைதான்.

எந்நேரமும் சுண்டிக்கொண்டிருக்க முடியாதே. அதற்கான மருந்தின் வரலாறு தேயிலைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டியது. 1888 இல் ஜெர்மனியில் அல்பிரெக்ட் கொசல் தேயிலைச் சாற்றிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். அதுதான் தியோபிலின். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை போட்டு 21 ஆண்டுகள் ஆகியிருந்த காலம். தியோபிலின் பின்னாளில் ஆஸ்துமாவுக்கு மருந்தானது. 1970களில் குறைமாதக் குழந்தைகளின் மூச்சு நிற்பதைத் தடுக்க அதைக் கொடுத்துப் பார்த்தார்கள், பலித்தது. பிறகு அதன் நெருங்கிய உறவான கஃபீன், அதிக பாதுகாப்பானது என்று அந்த இடத்தைப் பிடித்தது. நம் பிளேன்டியில் தூக்கத்தைக் கலைக்கும் அதே கஃபீன்.

வேலை செய்யும் விதமும் ஒன்றுதான். விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து, தூக்கத்தை வரவழைக்கிறது. பிறந்த குழந்தையின் முகுளத்தில் அது மூச்சின் தாளத்தையும் அமுக்கிவிடும். கஃபீன் அடினோசின் உட்காரும் இடத்தை மறித்துக்கொள்கிறது. பெரியவருக்குத் தூக்கம் கலைகிறது, சிசுவுக்கு மூச்சு திரும்புகிறது. 2,000க்கு மேற்பட்ட எடை குறைந்த குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வின் முடிவுகள் 2006, 2007 இல் வெளிவந்தன. கஃபீன் பெற்றவர்களுக்கு நுரையீரல் பாதிப்பு குறைந்திருந்தது, ஊனமின்றிப் பிழைத்தவர்களும் அவர்களில் அதிகம்.

இதைப் படித்துவிட்டு யாரும் சிசுவுக்குத் தேயிலைத் தண்ணீர் புகட்டிவிடக்கூடாது. மருந்தை எடைக்கு ஏற்ப மில்லிகிராம் கணக்கில், இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே கொடுப்பார்கள். வீட்டில் நீங்கள் பார்க்கவேண்டியது வேறு. சின்னக் குழந்தை தூங்கும்போது ஐந்து, பத்து செக்கன் மூச்சை நிறுத்தித் தொடர்வது இயல்பு, பயப்படவேண்டாம். நிறுத்தம் இருபது செக்கனைத் தாண்டினாலோ, உதடு நீலித்தாலோ, உடம்பு துவண்டாலோ, உள்ளங்காலைச் சுண்டி எழுப்பிக்கொண்டே 1990 க்கு அழையுங்கள். அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.